தை முகூர்த்தம், 300 பத்திரிகை, வீட்டில் மூன்று பேர்: கையாலேயே செய்ய முடியுமா?

கேள்வி இதுதான்: தையில் கல்யாணம், 300 பத்திரிகை வேண்டும். வேலை செய்ய நீங்கள், தங்கை, அம்மா. வீட்டில் ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் இருக்கிறது. பூவிதழ் பதித்த ஹேண்ட்மேட் பேப்பரில், கவர் முதல் கட்டும் கயிறு வரை எல்லாமே நம் கையால் இருக்க வேண்டும் என்று ஆசை. மண்ணில் புதைத்தால் முளைக்கும் விதைப் பேப்பரையும் வீட்டில் செய்யலாமா என்று ஒரு துணைக்கேள்வி. முடியுமா, எங்கே ஆரம்பிப்பது?

முடியும். ஆனால் முந்நூறையும் ஒரே மாதிரி செய்யாதீர்கள். நம் ஊரில் பத்திரிகை இரண்டு வழியில் போகிறது. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமத்தோடு வீடு தேடிப் போய் வைப்பது ஒரு வழி. தபாலிலும், ஆபீசில் மேஜை மேஜையாகவும், "அண்ணன்கிட்ட கொடுத்துடுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் கையிலும் போவது இன்னொரு வழி. பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு முதல் வகைக்கு மட்டும் டிக் போட்டுப் பாருங்கள். மாமா, அத்தை, சம்பந்தி வீட்டு மூத்தவர்கள், வாத்தியார், குலதெய்வக் கோயில் என்று எண்ணினால் அறுபதுக்குள் நிற்கும். முழுக் கைவேலை அந்த அறுபதுக்கு. மீதி 240-க்குத் தாளும் அச்சும் எளிதாக, ஒரே ஒரு கைவேலைத் தொடுகை மட்டும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். வெட்ட, மடிக்க, அச்சுப் பதிக்க, கவர் ஒட்ட, கட்ட, எல்லாம் சேர்த்து ஒரு பத்திரிகைக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் 300-க்கு 50 மணி நேரம். அறுபதுக்குப் பத்து மணி நேரம், அதாவது மூன்று பேர் உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப்பொழுது. புடவை எடுப்பது, மண்டபத்துக்கு அட்வான்ஸ், சமையல்காரரிடம் பேசுவது எல்லாம் நடக்கிற மாதங்களில் இந்த வித்தியாசம் பெரிது.

தை முகூர்த்தத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மார்கழியில் பத்திரிகை வைக்கமாட்டோம் என்கிற வீடுகள் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் சம்பந்தி வீட்டிலும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியென்றால் கார்த்திகைக்குள் கையில் பத்திரிகை இருக்க வேண்டும். செய்கிற வேலை ஐப்பசியில், சரியாக வடகிழக்குப் பருவமழையில் வந்து விழும். ஈரக்காற்றில் தாள் வளையும், பசை காயாது, மை பிசுபிசுக்கும். ஆகவே தாள் வாங்குவது, வெட்டுவது, மடிப்புக்கோடு போடுவது இவற்றைப் புரட்டாசியிலேயே முடித்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் படுக்கை வசத்தில் பீரோவுக்குள் வைத்துவிடுங்கள். நாப்தலின் உருண்டை பக்கத்தில் வேண்டாம், வாசனை ஏறிவிடும்.

இப்போது தாள். ஹேண்ட்மேட் பேப்பர் என்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் வெட்டுத்துணியை அரைத்துச் செய்தது. மரக்கூழ் இல்லை, பருத்தி. அதனால்தான் மடித்தால் எளிதில் வெடிக்காது, பல வருடம் பழுப்பேறாது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதக்கூடம் 1959 முதல் இந்த வேலையைச் செய்கிறது. ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் சாங்கனேரில் செய்யும் தாளும் சென்னையில் கிடைக்கும். அந்த ஊரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பாவின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். சென்னைவாசி என்றால் பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு, பந்தர் தெருவுக்கு ஒரு நடை போய்வாருங்கள். கல்யாண பிளாங்க் கார்டு, அட்டை, கவர் எல்லாம் அங்கே வரிசையாகக் கிடைக்கும்.

முழுத்தாள் வழக்கமாக 22 க்கு 30 அங்குலம் இருக்கும். 5 க்கு 7 அங்குல ஒற்றைக் கார்டு என்று முடிவு செய்தால், 22 அங்குலப் பக்கத்தில் 5 அங்குலத்தை வைத்து வெட்டினால் 16 கார்டு வரும். அதே தாளைத் திருப்பி, 22-இல் 7 அங்குலத்தையும் 30-இல் 5 அங்குலத்தையும் வைத்தால் 18. வெட்டுவதற்கு முன் ஒரு பழைய செய்தித்தாளில் கோடு போட்டுப் பாருங்கள், 300 கார்டுக்கு இரண்டு தாள் மிச்சமாகும். வீணாவதற்கென்று நூற்றுக்குப் பத்து கூடுதலாக வாங்குங்கள். ஹேண்ட்மேட் தாளில் ஒரு லாட் போல் அடுத்த லாட் இருக்காது. பாதியில் தீர்ந்துபோனால் நிறம் சேராது.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். சாம்பிள் துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு சில விநாடிகள் உருண்டு நின்றால் தாளுக்குக் கஞ்சி சரியாக ஏற்றியிருக்கிறார்கள், எழுத்து கூர்மையாக விழும். விட்டவுடன் உறிஞ்சிக்கொண்டால் மை ஓரமெல்லாம் கசியும். தமிழுக்கு இது ரொம்ப முக்கியம். ஆங்கில எழுத்து கொஞ்சம் கசிந்தாலும் படித்துவிடலாம். நம் 'ண', 'ன' சுழிகள் அடைபட்டுப் போனால் கண்ணன் எது, கன்னன் எது என்று தெரியாது. தாள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், உறிஞ்சுகிறது என்றால் ஜவ்வரிசிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, வடிகட்டி, அகலப் பிரஷால் ஒரு பூச்சுப் பூசிக் காயவிடலாம். பருத்திப் புடவைக்குப் போடும் அதே கஞ்சிதான். காய்ந்ததும் துணி மேலே போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் நேராகிவிடும்.

ஹேண்ட்மேட் தாளின் அழகே அதன் பிசிறு ஓரம். ஆனால் 18-ஆக வெட்டும்போது வெளி ஓரத்துக் கார்டுகளுக்கு மட்டும்தான் அது மிஞ்சும். மற்றவற்றுக்கு ஒரு வழி இருக்கிறது. வெட்டவேண்டிய கோட்டை முதலில் மடித்து அழுத்துங்கள். நனைத்த மெல்லிய பிரஷால் அந்த மடிப்பு மேல் இரண்டு தடவை இழுங்கள். அரை நிமிடம் பொறுத்து, ஸ்டீல் ஸ்கேலை ஓரத்தில் அழுத்தி வைத்து, தாளை மெதுவாக உங்கள் பக்கம் இழுத்துக் கிழியுங்கள். நார் நாராகப் பிரிந்து பிசிறு வரும். ஒரு எச்சரிக்கை: "கிழிஞ்ச பேப்பர்லயா பத்திரிகை அடிச்சீங்க?" என்று கேட்கும் ஒரு பெரியப்பா எல்லா வீட்டிலும் இருப்பார். அவருக்கு வைக்கும் பத்திரிகையை நேராக வெட்டிவிடுங்கள்.

பூவிதழ் பதித்த தாளை பிரிண்டருக்குள் விடவே விடாதீர்கள். இதழும் தண்டும் மேடாக நிற்கும் இடத்தில் பிரிண்டரின் அச்சுத்தலை உரசும், உதிர்ந்த நார் ரோலரில் சிக்கும். அந்தத் தாளைக் கவருக்கோ மேலட்டைக்கோ வைத்துக்கொண்டு, எழுத்துக்கு வழுவழுப்பான பருத்தித்தாளை எடுங்கள். 200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை பல வீட்டு பிரிண்டர்கள் பின்பக்கத் தட்டு வழியாக இழுக்கும். முன்பக்கத் தட்டில் போட்டால் உள்ளே வளைந்து போக வேண்டும், அங்கேதான் மாட்டும். உங்கள் மாடலுக்கு எத்தனை ஜிஎஸ்எம் வரை என்று கையேட்டில் போட்டிருக்கும். ஒவ்வொரு கார்டையும் உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு உள்ளே விடுங்கள்.

அடுத்தது நிறம். கல்யாணப் பத்திரிகையில் கறுப்பு மை பெரியவர்களுக்குப் பிடிக்காது, கருமாதிப் பத்திரிகையின் நிறம் என்பார்கள். அதனால் எல்லோரும் அரக்கு அல்லது கரும்பச்சைக்குப் போகிறோம். ஆனால் பல டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும்தான் பிக்மென்ட் மை, தண்ணீருக்கு அசையாது. மற்ற மூன்று நிறமும் டை மை, ஈரம் பட்டால் ஓடும். அரக்கு என்பது அந்த மூன்றும் கலந்து வருவது. நாமோ பத்திரிகையின் நான்கு மூலையிலும் ஈர மஞ்சளை வைக்கப்போகிறோம். மஞ்சள் தொட்ட இடத்தில் அரக்கு எழுத்து ரோஸ் நிறமாகக் கரைந்து வழிவதைப் பார்த்தால்தான் இதன் வேதனை தெரியும். எனவே நான்கு மூலையிலும் முக்கால் அங்குலம் எழுத்தோ கோடோ இல்லாமல் விடுங்கள். மஞ்சளைக் கெட்டியாகக் குழையுங்கள். பருத்தித்தாள் நீரை இழுத்துக்கொண்டு மஞ்சளைச் சுற்றி வளையம் கட்டும் என்பதால் விரல் நுனியில் கொஞ்சமாகத் தொட்டு வைத்து, காற்றில் நன்றாகக் காயவிட்டுக் கவருக்குள் போடுங்கள்.

என்னைக் கேட்டால் எழுத்தை மட்டும் வீட்டில் அடிக்கவே வேண்டாம். மேட்டரை பிடிஎஃப் ஆக்கி, வெட்டி வைத்த தாளையும் கொண்டுபோய், ஸ்கிரீன் பிரிண்டிங் போடுபவரிடம் ஒரே நிறத்தில் அடித்து வாங்கிவிடுங்கள். அந்த மை தாளின் மேல் கொஞ்சம் தடித்து உட்காரும், தடவினால் விரலுக்குத் தெரியும், மஞ்சளுக்கும் அசையாது. ஒரு ஸ்கிரீனில் 300-ம் ஓடிவிடும். கையால் செய்தது என்ற பெருமை இதனால் குறையாது. ஸ்கிரீன் பிரிண்டிங்கும் ஒரு மனிதர் நின்று ஒவ்வொரு தாளாகக் கையால் இழுப்பதுதான்.

கொண்டுபோகும்போது எழுத்துரு விஷயத்தில் கவனம். பழைய டிடிபி கடைகளில் பாமினி, ஸ்ரீலிபி போன்ற பழைய வகை எழுத்துருக்களில் தட்டிப் பழகியிருப்பார்கள். நீங்கள் யுனிகோடில் அனுப்பியது அவர்கள் கம்ப்யூட்டரில் திறக்கும்போது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கலாம். எழுத்தைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றி, பிடிஎஃப்பாகவே கொடுங்கள். அதற்கு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம், தமிழைச் சிதைக்காது. நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை என்ற எழுத்துருக்கள் இரண்டும் பத்திரிகைக்கு லட்சணமாக இருக்கும்.

வீட்டில் அடிக்க வேண்டிய அச்சு வேறு ஒன்று: கோலம். ஒரு சிக்குக் கோலத்தை லினோ ஷீட்டில் (அச்சுக்கட்டைபோல் செதுக்க உதவும் மெத்தென்ற தகடு) செதுக்கி, எல்லாப் பத்திரிகையிலும் பதியுங்கள். 240-க்கும் செய்யக்கூடிய அந்த ஒரு கைவேலைத் தொடுகை என்று மேலே சொன்னது இதைத்தான். எழுத்தைச் செதுக்கினால் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும், தமிழில் அது தலைவலி. இடமும் வலமும் ஒத்துப்போகும் கோலத்துக்கு அந்தத் தொல்லையே இல்லை, எப்படி வைத்தாலும் கோலம்தான். சாமி படம் போட்ட பத்திரிகையைப் பிறகு எங்கே போடுவது என்று தவிக்கிறவர்களுக்கும் நிம்மதி.

ஐந்துக்கு ஐந்து புள்ளி போதும். கோட்டைத் தடிமனாக வையுங்கள், மெல்லிய கோடு பத்தாவது பதிப்பிலேயே அடைபடும். லினோ விறைப்பாக இருந்தால் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள், கத்தி வெண்ணெய் மாதிரி இறங்கும். பிடித்திருக்கும் கையை எப்போதும் கத்திக்குப் பின்னால் வையுங்கள். அக்ரிலிக் பெயின்ட் நம் ஊர் வெயிலில் கட்டை மேலேயே காய்ந்துவிடும். பிளாக் பிரிண்டிங் மை வாங்குவது நல்லது. பெயின்ட்தான் இருக்கிறது என்றால் சில சொட்டு கிளிசரின் கலந்து, ஃபேனை அணைத்துவிட்டுக் காலையிலேயே அடியுங்கள். தாளைக் கட்டை மேல் கவிழ்த்து வைத்து, மரக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும். கட்டையைத் தாள் மேல் வைத்துக் குத்தினால் ஒரு பக்கம் அழுந்தும், ஒரு பக்கம் விட்டுப்போகும்.

கவருக்கு ஏ4 தாளே அளவெடுத்தது போல் அமையும். 5 க்கு 7 அங்குலக் கார்டு என்பது 127 க்கு 178 மில்லிமீட்டர். ஏ4 தாளின் 297 மில்லிமீட்டர் நீளத்தில் கீழ்மடிப்புக்கு 115, முன்பக்கத்துக்கு 133, மேல்மூடிக்கு 49 என்று இரண்டு கோடு போடுங்கள். 210 அகலத்தில் இரண்டு பக்கமும் 13 விட்டால் நடுவில் 184 மிஞ்சும். அந்த 13 பட்டியை முன்பக்கத்தின் இருபுறமும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடத்தில் வெட்டி எறியுங்கள். பட்டியை உள்ளே மடித்து, அதன்மேல் கீழ்மடிப்பை ஏற்றி ஒட்டினால் கவர் தயார். 100 அல்லது 120 ஜிஎஸ்எம் தாள் சரியாக இருக்கும். மடிப்புக்கோடு போட எழுதித் தீர்ந்த பால்பாயின்ட் ரீஃபிலைவிட நல்ல கருவி கிடையாது. ஃபெவிகாலைத் தாராளமாகப் பூசினால் மெல்லிய தாள் நெளியும், பட்டியில் மட்டும் டபுள் சைட் டேப் போடுங்கள். மைதாப் பசை வேண்டாம், கரப்பான் வரும்.

தபாலில் போவதற்கு எடையும் பார்க்க வேண்டும், 20 கிராம் தாண்டினால் அடுத்த கட்டணம். 250 ஜிஎஸ்எம் ஒற்றைக் கார்டு ஆறு கிராமுக்குள், 120 ஜிஎஸ்எம் தாளில் இந்தக் கவர் ஏழு கிராம். ரிசப்ஷனுக்கென்று இரண்டாவது கார்டு வைத்தாலும் 19-க்குள் அடங்கும். அதே அளவில் 300 ஜிஎஸ்எம் மடிப்புக் கார்டு போட்டால் 20-ஐத் தாண்டிவிடும். மெழுகு முத்திரை, மணி, முத்து எல்லாம் நேரில் வைக்கும் அறுபதோடு நிற்கட்டும், தபாலில் அவை உடையும். கட்டுவதற்குச் சாட்டின் ரிப்பனைவிடப் பூக்காரம்மாவிடம் கிடைக்கும் வாழைநார் அழகு. வெயிலில் நன்றாகக் காயவைத்து, கட்டுவதற்கு முன் லேசாக ஈரத்துணியால் துடைத்தால் முறியாது.

மேட்டரைப் பற்றி இரண்டே விஷயம். ஒன்று, பழைய பத்திரிகையைப் பார்த்து எழுதுகிறபோது தமிழ் வருடம் அப்படியே வந்துவிடும். 2026 ஏப்ரல் 13 வரை விசுவாவசு, 14 முதல் பராபவ. ஜனவரியில் ஆங்கில வருடம் மாறும், தமிழ் வருடம் சித்திரை வரை மாறாது. 2027 தைக்கும் பராபவதான். திதி, நட்சத்திரம், லக்ன நேரம் மூன்றையும் பஞ்சாங்கத்தோடு ஒருவரும், உறவினர் பெயர்களையும் இனிஷியலையும் வீட்டு மூத்தவர் ஒருவரும் தனித்தனியாகப் படிக்கட்டும். இரண்டு, மணமக்கள் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். பதிவுக்குப் போகும்போது பத்திரிகையும் கேட்பார்கள். ஆங்கிலப் பக்கம் அடிக்கிறீர்கள் என்றால் எழுத்துக்கூட்டலும் அதேபோல். பத்துப் பிரதியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கல்யாணத்தில் பேப்பரால் ஆன பொருள்களில் முப்பது வருடம் கழித்தும் பீரோவில் இருக்கப்போவது மொய் நோட்டு. பத்திரிகையை யார் பத்திரப்படுத்துகிறார்கள்? மொய் நோட்டை மட்டும் ஒவ்வொரு விசேஷத்துக்கும் எடுத்துப் புரட்டுவோம், யார் எவ்வளவு செய்தார்கள், நாம் எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று. அதை நாம் கடையில் வாங்கிய நோட்டில் மஞ்சள் தடவி எழுதுகிறோம். கைவேலை செய்ய ஆசை இருந்தால் அதற்கு இதைவிடத் தகுந்த பொருள் இல்லை.

100 ஜிஎஸ்எம் ஏ3 தாள் பத்து வாங்கி, ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டி 20 ஏ4 ஆக்குங்கள். ஏன் நேராக ஏ4 வாங்கக்கூடாது? கடையில் வரும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். குறுக்கே மடித்தால் பக்கங்கள் விறைத்துக்கொண்டு மூடிக்கொள்ளும். நீளவாக்கில் நார் ஓடும் ஏ3-ஐப் பாதியாக வெட்டினால் நார் மடிப்போடு சேர்ந்து ஓடும், நோட்டு தானாகப் படுத்து நிற்கும். பந்தியும் மேளமுமாக இருக்கிற மண்டபத்தில் அவசரமாக எழுதுகிறவருக்கு அது பெரிய உதவி. ஐந்தைந்து தாளாக மடித்து நான்கு அடுக்கு, மொத்தம் 80 பக்கம். வரிசை எண், ஊர், பெயர், தொகை என்று நான்கு கட்டம் கோடு போட்டு, பக்கத்துக்கு 20 பேர் எழுதினால் 300 பேருக்கு 15 பக்கம். மிச்சம் வளைகாப்பு, காதுகுத்து வரை வரும்.

மடிப்பில் ஐந்து ஓட்டை குத்தி, மெழுகுவர்த்தியில் இழுத்த தடித்த நூலால் அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கவும். மேலட்டைக்குப் பழைய தினக் காலண்டரின் அட்டை போதும். அதன்மேல் முகூர்த்தப் புடவையின் ரவிக்கைத் துணியில் மிஞ்சியதை ஒட்டலாம். துணியின் பின்புறம் மெல்லிய காகிதம் ஒன்றை முதலில் ஒட்டிக் காயவைத்தால் பசை மேலே கசியாது. பட்டுத்துணி என்றால் இதை விடவே கூடாது. எழுதுவதற்கு பால்பாயின்ட் பேனாவையே கட்டித் தொங்கவிடுங்கள். ஈரத்தில் கரையும் ஜெல் பேனாவில் எழுதிய பக்கத்தில் ஒரு டம்ளர் ரோஸ்மில்க் கவிழ்ந்தால் ஒரு தலைமுறைக் கணக்கு போய்விடும்.

விதைப் பேப்பர் வீட்டில் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். செய்யலாம், சின்ன அளவில். பழைய நோட்டுத்தாளைக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, மிக்சியில் அரைத்து, நிறையத் தண்ணீரில் கலக்கி, நைலான் வலை கட்டிய சட்டத்தில் அள்ளி, துணியில் கவிழ்க்க வேண்டும். விதையை அரைத்த பிறகு சேருங்கள். துளசி போன்ற சின்ன விதைதான் தாளோடு ஒட்டும். அன்றைக்கே காய்ந்தாக வேண்டும், இல்லையென்றால் துணியிலேயே முளைவிடும், அதனால் மழைக்காலத்தில் தொடாதீர்கள். அச்சடிக்கிற பத்திரிகைக்கு அந்தத் தாள் ஆகாது. இரண்டு அங்குலச் சீட்டாக வெட்டி, பெயர் மட்டும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, தாம்பூலப் பையில் தேங்காயோடு போட்டுவிடுங்கள். தேங்காய் ஈரம் படாமல் ஒரு சின்னக் கவருக்குள்.